வாழைக்குத் தண்ணீர் விட்ட மாமா

குளிர்நாட்டுப் புறநகரான வோபர்னில் நாங்கள் இருந்த பேஸ்மன்று என்ற நிலத்தடி வீட்டுக்கு மேலே, அந்த வீட்டின் சொந்தக்காரியான ஜமேக்கா அன்ரி தனியாக இருந்தார். கீழே அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான சின்ன மாமா என்று நான்கு பேர். அப்பா விடிய முதல் பஸ்ஸில் வேலைக்குப் போய்விடுவார். இந்தக் கதையில் அவருக்குப் பங்கில்லை. 1994ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயது.

முன்முற்றத்தில் அன்ரி ஒரு வாழை வைத்திருந்தார். இலை கருஞ்சிவப்பு, நடுநரம்பு இரத்தச் சிவப்பு. குலை தள்ளாது; அழகுக்கு மட்டும். பனியில் நின்றால் ஒரே இரவில் செத்துவிடும் என்பதால், ஒவ்வோர் ஒக்டோபரிலும் அதைத் தோண்டி எடுத்து, முன்படிகளுக்குக் கீழே இருந்த கோல்ட் ரூம் என்ற குளிரறையில் வைத்துக் காப்பாற்றுவார். அந்த ஆண்டு அவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. படி இறங்க முடியாது. வேலையை மாமாவிடம் கொடுத்தார்.

மாமா ஊரிலிருந்து வந்து எட்டு மாதம். வேலை கிடைக்கவில்லை. அன்ரியின் மருமகன் ஒருவர் நகரத்துக்கு வெளியே பூச்செடிகள் வளர்க்கும் பெரிய கண்ணாடிக் கூடம் வைத்திருந்தார். இந்த வாழையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வசந்தத்தில் அங்கே வேலைக்குச் சொல்லிவிடுவதாக அன்ரி சொன்னார். இதை மாமாவுக்குத் தமிழில் சொன்னவள் நான்தான். வீட்டில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவள் நான் ஒருத்தி.

அன்ரி தந்த விதிகள் ஐந்து. குருத்தை விட்டு மற்ற இலைகளை வெட்ட வேண்டும். வேரோடு கிண்ட வேண்டும். தண்ணீர் வடிய ஒரு கிழமை, ஏழு நாளும், தலைகீழாக நிறுத்த வேண்டும். கிழங்கைச் செய்தித்தாளில் சுற்றிக் குளிரறையில் கிடத்த வேண்டும். மே மாதம் வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் விடக்கூடாது. என்னை இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தார்.

மூன்றாவது விதியிலேயே மாமா சிரிக்கத் தொடங்கினார்.

“வாழையைத் தலைகீழா நிப்பாட்டுறதோ? உது என்ன வௌவாலே?”

“அவ சொன்னபடி செய்யடா. வேலை வேணுமெல்லே?” என்றார் அம்மா.

“அக்கா, ஊரிலை, நீர்வேலியிலை வாய்க்கால் வெட்டி வாழைக்கு இறைச்சவன் நான். எனக்கு வாழை படிப்பிக்கினம்.”

இருந்தாலும் ஐந்து விதிகளையும் செய்தார். நவம்பர் நடுப்பகுதி வரை எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. பிறகு வெளிமடல்கள் காய்ந்து பழுப்பாகின. அப்படித்தான் ஆகும் என்று அன்ரி முன்பே சொல்லியிருந்தார். ஆனால் காய்கிற வாழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாமாவால் முடியவில்லை. ஒருநாள் அதைத் தூக்கி வந்து, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் ஒரு வாளியில் மண் போட்டு நட்டார். தினமும் காலையில் பால் ஜக்கால் ஒரு ஜக் தண்ணீர் ஊற்றினார்.

சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு நான் மேலே போய் வாழையின் நிலைமையைச் சொல்ல வேண்டும். அன்ரி மூன்று கேள்விகள் கேட்பார். குளிரில் கிடக்கிறதா? காய்ந்திருக்கிறதா? மணம் ஏதும் உண்டா? வாளிக்கு மாறிய பிறகு வந்த முதல் சனிக்கிழமையும் நான் குளிரில் கிடக்கிறது, காய்ந்திருக்கிறது, மணமில்லை என்றேன். அப்படிச் சொல்லும்படி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. மாமாவின் வேலை போய்விடும் என்று நானே முடிவு செய்தேன். மாமா அப்போது அன்ரியின் நடைபாதையில் பனி அள்ளிவிட்டு வந்து, அன்ரியின் கதவடியில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்; அந்த அளவு ஆங்கிலம் அவருக்கும் விளங்கும். அதன் பின்னர் பன்னிரண்டு சனிக்கிழமைகள் நான் அதே மூன்று பதில்களைச் சொன்னேன்.

ஜனவரியில் வெளிறிய இலையொன்று நீண்டு வந்தது. “பாத்தியே பிள்ளை! வாழைக்குத் தெரியும் ஆர் தன்ரை ஆள் எண்டு,” என்றார் மாமா. பெப்ரவரியில் அந்த இலை மடிந்து விழுந்தது. சில நாட்களில் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, “உதுக்குள்ளை என்ன செத்துக்கிடக்கு?” என்று கேட்டார். மாமா வாழையில் விரலை வைத்தார். விரல் உள்ளே போனது.

அப்போதும் அவர் கலங்கவில்லை. தாய் போனால் குட்டி வரும் என்றார். வாழை என்றால் அடிக்கிழங்கிலிருந்து பக்கத்தில் குட்டி வெடிக்கும். அவர் கண்ட வாழை எல்லாம் அப்படித்தான். எதற்கும் அன்ரியிடம் கேட்டு வரும்படி என்னை அனுப்பினார். சும்மா கேட்பது போலக் கேட்டேன். இந்த இனம் குட்டி போடாது, இருப்பது ஒன்றேதான் என்றார் அன்ரி.

“குட்டி போடாத வாழையும் இருக்கோ?” என்று மாமா இரண்டு தரம் கேட்டார். பிறகு உடுப்புத் தோய்க்கும் தொட்டியின் விளிம்பில் போய் இருந்துவிட்டார்.

சிறிது நேரத்தில் எழுந்து அம்மாவின் மீன் வெட்டும் கத்தியை எடுத்தார். வாழையைச் செய்தித்தாளில் வைத்து, அழுகலை மெல்லிய சீவல்களாக வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைக் கழுவித் துடைத்தார். பதினோராவது வெட்டில் நடுவில் வெள்ளையாக, இறுக்கமாக, ஒரு தேங்காயளவு மிஞ்சியது. அதைக் குளிரறையில் வெறும் கடதாசிமேல் வைத்தார். அதன் பிறகு ஜக்கைத் தொடவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாமா அந்தக் கிழங்கை ஒரு பேசினில் வைத்துக்கொண்டு என்னோடு மேலே வந்தார். அன்ரி நாற்காலியில் இருந்தார். மாமா என்னிடம் சொன்னார்.

“சொல்லு பிள்ளை. தண்ணி விட்டது நான். காஞ்சிருக்கு எண்டு பிள்ளையைப் பொய் சொல்லச் சொன்னதும் நான்.”

“நீங்கள் சொல்லேல்லையே, மாமா!”

“நான் சொல்லுறதைச் சொல்லு. கூட்டாதை, குறைக்காதை.”

சொன்னேன். அன்ரி பேசத் தொடங்கினார். வாழை செத்தால் இன்னொரு வாழை, ஆனால் குழந்தையைப் பொய் சொல்ல வைக்கிறவர் என்ன மனிதர் என்று கேட்டார். இன்னும் பல கேட்டார். எல்லாவற்றையும் நானே தமிழில் மாமாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்றையும் விடாமல் சொன்னேன். மாமா தலையைக் குனிந்து ஒவ்வொன்றுக்கும், “ஓம், சரி,” என்றார்.

பிறகு அன்ரி கிழங்கை மடியில் வைத்து, மணந்து, பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். எத்தனை வெட்டு என்று கேட்டார். பதினொன்று என்றேன். மே மாதம் பார்ப்போம் என்றார்.

மே மாதம், விக்டோரியா நாள் விடுமுறைக்கு மறுநாள், கிழங்கின் நடுவில் சிவப்பு முளை வந்தது. அன்ரி தன் கையாலேயே மருமகனுக்கு போன் அடித்தார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வரட்டும், சொல்லும்வரை தண்ணீர்க் குழாயைத் தொடக்கூடாது என்று உன் மாமாவிடம் சொல்லு என்றார் என்னிடம். மாமா அங்கே பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்தார். அன்ரிக்கும் மாமாவுக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் இன்றுவரை குறையவில்லை.

ஆனால் அந்தப் பெப்ரவரிச் சனிக்கிழமை நான் நன்றியோடு படி இறங்கவில்லை. அழுதுகொண்டு இறங்கினேன். “மாமா பொய் சொன்னவர். அவர் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. நான்தானே சொன்னனான்,” என்று நடந்ததை வரிசைப்படி அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா அரிசி கழுவியபடி கேட்டார். “ஓம் பிள்ளை, அவன் சின்னனிலையிருந்தே அப்பிடித்தான்,” என்றார். மாமாவைக் கண்டிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

மத்தியானம் சாப்பிட இருந்தபோது எனக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு முட்டைப்பொரியல். மாமாவின் சாப்பாட்டுக் கோப்பையில் இரண்டு. பொய் சொன்னவருக்கு அம்மா ஏன் கூடுதலாகப் போட்டார் என்று எனக்கு விளங்கவில்லை.