சாவிக்காரன் யார் பக்கம்?

மாமனார் தொடரைப் பாதியில் நிறுத்தினால் யாருக்கோ கெட்ட நேரம் என்று அர்த்தம். அந்த ஞாயிறு மாலை அது எனக்கு.

திரையில் சாவிக்காரன் உறைந்து நின்றான். அது ஒரு மாயாஜாலத் தொடர். பனிக்கோட்டையில் மூத்த ராணி, தீவில் இளைய ராணி. இரண்டு அரண்மனைச் சாவிகளும் இவன் இடுப்பில் தொங்கும். இரண்டு ராணிகளுக்கும் ஒற்றன். உண்மையில் யாருக்கு விசுவாசி என்று யாருக்கும் தெரியாது. கூலாயில் இருக்கும் மாமனார் வீட்டில் வாரம் ஒரு பாகம் என்று எல்லாரும் சேர்ந்து பார்ப்போம். யாரும் முந்திக்கொண்டு தனியாகப் பார்க்கக்கூடாது என்பது சட்டம்.

"அவன் மூத்த ராணி ஆளுதான். பாரு, அவங்க முன்னாடி நிக்கிறப்ப மட்டும் கை நடுங்காது" என்பார் மாமனார். செனாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலராக நின்று ஓய்வு பெற்றவர். பையைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். "ஆமா மாமா, கை நடுங்கவே இல்ல" என்பேன்.

அப்புறம் சமையலறைக்குப் போவேன். "அவன் இளைய ராணிக்காகத்தான் எல்லாம் செய்றான் அத்தான். அப்பாக்கு லவ் புரியாது லா" என்பாள் என் கொழுந்தியாள். "ஆமாமா, லவ்தான்" என்று அவளுக்கும் தலையாட்டிவிட்டு வருவேன். எனக்கு எல்லா ராணியும் வேண்டும். குறிப்பாகச் சாப்பாடு போடுகிற ராணி.

ஆனால் அன்றைக்கு மாமனார் சாவிக்காரனைப் பற்றிக் கேட்கவில்லை.

"மாப்புள, பொந்தியான் போனீங்களே. என்ன சேதி?"

எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. வரன் ஒத்துவந்தால், பெண் வீட்டு மூத்த மருமகன் சொல்லாமல் கொள்ளாமல் பையனுடைய ஊருக்குப் போய் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு வரவேண்டும். என்னைப் பற்றியும் என் ஊரான குளுவாங்கில் இப்படி ஒருவர் விசாரித்தார். கோப்பிக் கடைக்காரர் "பையன் நல்லா சிரிப்பான்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை போலிருக்கிறது. அந்த ஒரே தகுதியில்தான் எனக்குப் பெண் கிடைத்தது.

இப்போது என் முறை. அதில் ஒரு சிக்கல் இருந்தது. பொந்தியான் பையன், கொழுந்தியாளுக்குத் தரகர் கொண்டுவந்த வரன் என்று மாமனார் நினைத்துக்கொண்டிருந்தார். தரகரிடம் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே என் கொழுந்தியாள்தான். இரண்டு பேரும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். தினமும் விடிகாலையில் எல்லையைக் கடக்கும் வரிசையில் நின்று நின்று பழகியது. தன் தம்பி மகள் காதலித்துக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக அந்தக் கல்யாணத்துக்கே போகாதவர் மாமனார். இந்த விஷயம் தெரிந்தால் வரன் அன்றோடு முடிந்தது.

"அத்தான், நீங்க போய் நல்லா மீ சாப்பிடுங்க. வந்து நல்ல பையன்னு சொல்லுங்க. போதும்" என்று கொழுந்தியாள் என்னிடம் சொல்லியிருந்தாள். சரி என்று தலையாட்டினேன். "நல்லா தோண்டி விசாரிங்க மாப்புள" என்றார் மாமனார். அதற்கும் ஆட்டினேன். என் கழுத்துக்கு அன்று நல்ல வேலை.

மீ நூடுல்ஸோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வேஷம் போட்டுக்கொண்டு அவ்வளவு தூரம் போய்விட்டு நடிக்காமல் திரும்ப மனம் வரவில்லை. பையன் இருக்கும் தாமான் குடியிருப்பில் ஒரு மளிகைக் கடை. வாடகைக்கு வீடு தேடுகிறவன் மாதிரி உள்ளே போய்க் கடைக்கார அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். தண்ணீர் வசதி, பஸ் வசதி எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த மூலை வீட்டுப் பையன் குடிப்பானாங்க?" என்றேன்.

அவர் வெங்காயம் நிறுப்பதை நிறுத்தவில்லை. "பொண்ணு வூட்டு ஆளா?"

"இல்லிங்களே. வீடு பாக்க வந்தேன்."

"வீடு பாக்க வர்றவங்க இஸ்திரி போட்ட சட்டையில வரமாட்டாங்க தம்பி. பையன் குடிக்க மாட்டான். தங்கமான பையன். போன தடவ வந்தவரும் வீடு பாக்கத்தான் வந்தேன்னாரு."

"போன தடவயா?"

"முன்ன ஒரு எடம் வந்துச்சே. நிச்சயம் வரைக்கும் போச்சு. பையன்தான் வேணாம்னுட்டான். ஏன்னு எனக்குத் தெரியாது. தெரியாதத சொல்லக்கூடாது."

ஓர் அன்னாசிப்பழம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். செம்பனைத் தோட்டங்கள் இரண்டு பக்கமும் ஓட, வழியெல்லாம் அதே யோசனை. இது கொழுந்தியாளுக்குத் தெரியுமா? தெரியும் என்றால், அவள் மறைக்கச் சொன்னதை நான் உடைக்கிறேன். தெரியாது என்றால், அவள் வாழ்க்கை சம்பந்தப்பட்ட ஒன்று என் வயிற்றில் மீயோடு சேர்ந்து கிடக்கிறது. மாமனாரிடம் தனியாகச் சொன்னால் வரன் போச்சு. அவளிடம் தனியாகச் சொன்னால், "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க அத்தான்" என்பாள். நானும் ஆட்டிவிடுவேன். என் தலையை எனக்குத் தெரியும்.

இப்போது ரிமோட் மாமனார் கையில். கொழுந்தியாள் சமையலறை வாசலில். என் மனைவி அன்னாசியை நறுக்குவதை நிறுத்திவிட்டாள். மாமனார் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். நான் அதைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டேன்.

"நல்ல பையன் மாமா. குடி கிடையாது. வேலை நிலையா இருக்கு."

கொழுந்தியாள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி.

"ஆனா முன்ன ஒரு நிச்சயம் நின்னுபோயிருக்கு. பையன்தான் வேணாம்னானாம். காரணம் தெரியல."

"எந்த நிச்சயம்?" என்றாள் கொழுந்தியாள். "என்கிட்ட சொல்லவே இல்லயே."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே புரிந்தது. மாமனார் மெதுவாகத் திரும்பினார். வாசலில் யாரோ கனமான பையோடு வந்து நிற்கிற மாதிரி மகளைப் பார்த்தார்.

"தரகர் பாத்த பையன் ஒன்கிட்ட ஏம்மா சொல்லணும்?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்குள் வந்தாள்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசம்பா."

"மாப்புளைக்குத் தெரியுமா?"

அவள் கண் என் பக்கம் வந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க யாரு பக்கம் மாப்புள?"

"சாப்பாடு எங்க போடுறாங்களோ அங்க மாமா" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு சின்ன குரலில் நகைச்சுவை செய்ததில்லை. யாரும் சிரிக்கவில்லை. "வாய மூடுங்க" என்றாள் மனைவி, அன்பில்லாமல்.

கொழுந்தியாள் போனை எடுத்துக்கொண்டு செருப்புகள் கிடக்கும் முன்வாசலுக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. மாமனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகு குலுங்கினால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. என்னை என்ன செய்வார் என்பது ஓரளவு தெரிந்தது.

திரும்பி வந்தவள் உட்காரவில்லை. "அந்தப் பொண்ணுக்கு வேற ஒருத்தரப் புடிச்சிருந்துச்சாம். அதுவா சொன்னா வூட்ல கொன்னுடுவாங்க, நீங்களே வேணாம்னு சொல்லிடுங்கன்னு கெஞ்சுச்சாம். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு இவரும் ஒத்துக்கிட்டாராம். அதனாலதான் எனக்கும் சொல்லல."

"நம்புறியா?"

அவள் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். "நம்பத்தான் ஆசையா இருக்கு. ஆனா நேர்ல மூஞ்சப் பாத்துக் கேக்கணும்பா."

நான் எதிர்பார்த்த கத்தல் வரவில்லை. மாமனார் தொலைக்காட்சியையே அணைத்துவிட்டார். "அடுத்த ஞாயித்துக்கெழம போவோம். நீயும் வா. மாப்புள கார் மட்டும் ஓட்டட்டும். அவரு இனிமே யாரையும் விசாரிக்க வேணாம்."

போனோம். வீடு பார்க்க வந்ததாக யாரும் சொல்லவில்லை. பையன் கேட்டைத் திறந்தான். அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. மாமனார் அதைப் பார்த்துவிட்டார். கொழுந்தியாளும் அவனும் கார் நிறுத்தும் இடத்தில் நின்று நிறைய நேரம் பேசினார்கள். உள்ளே நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அவள் உள்ளே வந்து அப்பாவைப் பார்த்துச் சரி என்று தலையை லேசாக அசைத்தாள்.

மாமனார் பையனிடம் ஒன்றுதான் கேட்டார். "கெட்ட பேரு ஒனக்குத்தானே வந்துச்சு. அந்தப் பொண்ணு யாருன்னு சொல்லு பாப்போம்."

"மன்னிச்சிருங்க அங்கிள். அத மட்டும் சொல்லமாட்டேன்."

மாமனார் தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார். திரும்பும் வழியில், செம்பனை லாரி ஒன்றை நான் முந்தும்போது சொன்னார்: "வாயத் தொறக்காத மருமகன் ஒண்ணு. மூடத் தெரியாத மருமகன் ஒண்ணு. சரிதான்."

பின்சீட்டில் கொழுந்தியாள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்ணாடியில் பார்த்தேன். "ரோட்டப் பாருங்க அத்தான்" என்றாள்.

அன்று மாலை கடைசிப் பாகம். சாவிக்காரன் பனிக்கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான். இளைய ராணியின் படை உள்ளே புகுந்தது. ஆரம்பத்திலிருந்தே அவன் அவள் ஆள்தான்.

"நான் மொதல்லேருந்தே இதத்தான சொன்னேன்" என்றார் மாமனார்.

கொழுந்தியாள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன், அவருக்கு.