அம்மாவின் கழுத்தில் தொங்கிய அட்டை

என் அம்மா நேசமணி ஒஸ்லோவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யத் தொடங்கி இருபத்துமூன்று வருடங்கள். நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அமெரிக்காவில் எங்கெங்கே ஸ்பானிஷ் பேசுகிறார்கள் என்பது என் முதுகலை ஆய்வு. இரண்டு வருடம் உழைத்து ஒரு வரைபடம் செய்தேன். ஸ்பானிஷ் மிகுந்த இடங்களுக்குக் கடும் சிவப்பு. டெக்சாஸின் தெற்கு எல்லையும் மயாமியும் மிளகாய்த்தூள் கொட்டியது போல இருக்கும்.

ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் எங்கள் வீட்டில், திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டினார். மகனுக்கு வேலை கிடைத்துவிட்டதா என்று யாராவது கேட்டால், "இதைப் பாருங்கோ, எவ்வளவு நிறம்" என்று பேச்சை மாற்றுவார்.

போன மே மாதம் ஹியூஸ்டனில் சித்தியின் மகள் எமிலியாவுக்குக் கல்யாணம். மணப்பெண்ணுக்குக் கூறைச் சேலை உடுத்திவிடுவது பெரியம்மாவான என் அம்மாதான் என்று அவள் பிறந்த அன்றே பேசி வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு லீவு இல்லை. எனக்கு ஒரு வேலைக்கு நேர்முகம். அம்மா தனியாகப் போய் மயாமியில் விமானம் மாற வேண்டும்.

"இங்கிலீஷ் ஒரு சொல்லும் வராது மோனை. அந்தப் பிளேனை விட்டா, கூறை ஆர் உடுத்துறது?"

நான் ஓர் அட்டை தயாரித்தேன். 'எனக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் தெரியும். ஹியூஸ்டன் விமானத்துக்கு வழி காட்டவும்.' ஆங்கிலத்தில் அடித்து, பிளாஸ்டிக் உறையிட்டு, கழுத்தில் மாட்டிவிட்டேன்.

"என்னடா, துலைஞ்ச பிள்ளை மாதிரி!"

"ஒருத்தரோடையும் கதைக்காதேங்கோ. அட்டையைக் காட்டினாக் காணும்."

"ஓம், நீ படிச்சனீ."

மயாமியில் அட்டையைப் படித்த அதிகாரி அம்மாவை ஒரு கதிரையில் இருத்திவிட்டு, தமிழ் தெரிந்த ஆளைத் தேடிப் போனார். ஒரு மணி நேரம் கழித்துச் சென்னைப் பொறியாளர் ஒருவரோடு வந்தார்.

"டோன்ட் ஒர்ரி ஆன்ட்டி! உங்க கேட் சேஞ்ச் ஆயிடுச்சு. எலிவேட்டர் எடுத்து, ட்ரெயின் பிடிச்சு, லாஸ்ட் ஸ்டாப்ல எக்ஸிட் பண்ணிடுங்க."

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லைத் தம்பி. நான் இஞ்சை முந்தி வந்தனானில்லை."

"ஸ்ரீலங்கா தமிழா? சூப்பரா பேசுறீங்க ஆன்ட்டி! இன்னொரு வாட்டி மெதுவா சொல்லுங்க."

விமானத்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது.

அப்போது ஒரு துப்புரவுப் பெண் நீளக் கூடம் முழுவதையும் ஒரே துணியால் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒஸ்லோவில் ஓர் அறைக்கு ஒரு துணி. அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "ஒரு துணியாலை எத்தினை இடம் துடைப்பாய், பிள்ளை? ஊத்தையை இழுத்துக்கொண்டெல்லோ திரியிறாய்!" என்று ஸ்பானிஷில் ஏசினார்.

ஆம், ஸ்பானிஷில்தான். இருபத்துமூன்று வருடமாக அம்மாவோடு ஜோடியாக வேலை செய்பவர் சிலி நாட்டு மார்செலா. இருவரும் மாலையில் தொலைபேசியில் ஸ்பானிஷில் கத்திச் சிரிப்பார்கள். அந்தச் சத்தத்தில் ஆய்வு எழுத முடியாமல் நான் எத்தனையோ தடவை கதவைச் சாத்தியிருக்கிறேன்.

அந்தப் பெண் துணியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். பிறகு எந்த விமானம் என்று கேட்டு, அம்மாவின் கையைப் பிடித்து ஓடினாளாம். பின்னால் பெட்டியோடு பொறியாளர். கதவு மூடுவதற்கு முன் அம்மா ஏறிவிட்டார்.

நேர்முகத்தில் என்னிடம் ஸ்பானிஷ் பேசுவீர்களா என்று கேட்டார்கள். வாசிப்பேன் என்றேன்.

கூறை உடுத்தி முடித்த கையோடு அம்மா அழைத்தார். "மயாமியிலை ஸ்பானிஷ் கதைக்கிறவை எண்டு வீட்டுப் படத்திலையே இருக்கே அம்மா, முதலே கதைச்சிருக்கலாமே?" என்றேன்.

"அது படிச்சாக்களின்ரை ஸ்பானிஷ் எண்டு நினைச்சன். என்ரையோ துடைக்கிறாக்களின்ரை ஸ்பானிஷ்."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேனா? அதைச் சொல்ல வாய் எடுப்பதற்குள் அம்மா தொடர்ந்தார்.

"ஹியூஸ்டனுக்கு நீ போட்ட சிவப்புக் காணாதடா, இன்னும் கடுமையாப் போடோணும். மண்டபம் கூட்ட வந்த நாலு பேரும் என்னோடைதான் நிண்டு கதைச்சவை. வந்து சொல்லுறன், திருத்து."