இரவில் மட்டும் வடிந்த பேட்டரி

என் மனைவிக்கு அப்போது ஒன்பதாம் மாதம். முதல் பிரசவத்தில் எங்கள் மாட்டுவண்டி கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது வயிற்றுக்குள்ளேயே அடங்கிவிட்ட குழந்தைக்கு அவசரம் எதுவும் மிச்சமிருக்கவில்லை. அதனால்தான் இந்தத் தடவை, ஒரு தோட்டத்துத் துரை ஓட்டித் தேய்த்த பழைய காரை வாங்கினேன். மலையாள எல்லையோரம் சித்தூர்ப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு அதுதான் முதல் கார். பெரும்பாலும் அது நிற்பதைத்தான் ஊர் பார்த்தது.

மாலையில் ஓடும், விடிந்தால் பிணம். பேட்டரி அடியோடு வடிந்திருக்கும். கைப்பிடி போட்டுச் சுற்றினாலும் பொறி பிறக்காது. அதைக் கழற்றி, வைக்கோல் பரப்பி, மாட்டுவண்டியில் கோயம்புத்தூருக்கு அனுப்பிச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவோம். மாடுகள் என்னைப் பற்றி என்ன நினைத்தனவோ. இப்படி மூன்று தடவை. வீட்டில் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

இங்கிலீஷ் புத்தகம் படித்தவன் என்ற திமிரில் முதலில் டிரைவரைச் சந்தேகப்பட்டேன்.

"ராத்திரி எங்கப்பா ஓட்டிக்கிட்டுப் போறே?"

"எனக்குப் பகல்லயே இதுல பயமுங்க பண்ணாடி. ராத்திரி ஏறச் சொன்னா வேலையே வேண்டாமுங்க." குரலைத் தாழ்த்தினான். "ஏதோ வந்து குடிக்குதுங்க. பகல்ல தொடறதில்லை, பாருங்க."

காரோடு வந்த புத்தகம் ஒரு சோதனை சொல்லியிருந்தது. எல்லா விசைகளையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் ஒரு கம்பியைக் கழற்றி மறுபடி தொட வேண்டும். பொறி வந்தால் எங்கேயோ கசிவு. மூன்றாம் தடவை சார்ஜ் ஏற்றி வந்த கையோடு, உச்சிவெயிலில் தொட்டேன். பொறி இல்லை. நான் புத்தகத்தை நம்பாமல் பார்த்தேன். டிரைவர் என்னை அப்படிப் பார்த்தான்.

நான்காம் தடவை சார்ஜ் ஏற்றி வந்த அன்று, அந்தி கவிந்த பிறகு மறுபடி தொட்டேன். சின்ன நீலப் பொறி. காருக்குள் மங்கலாக ஏதோ சிவந்தது. கம்பியை எடுத்தேன், இருண்டது. தொட்டேன், சிவந்தது. திரும்பிப் பார்த்தால் டிரைவர் கொட்டகையிலேயே இல்லை.

தைரியத்தால் அல்ல, இங்கிலீஷ் புத்தகம் படித்தவன் என்பதால் நான் மட்டும் நின்றேன். பிறகு எட்டிப் பார்த்தேன். மீட்டர் முள்ளுக்கு வெளிச்சம் காட்டும் குட்டி பல்பு. பக்கத்தில் ஒட்டியிருந்தது பழனி முருகன் படம்.

"அதைத் தொடாதீங்க." பின்னால் என் மனைவி. "அந்தி வெளக்குங்க அது. ஊட்டுல ஏத்தறப்ப இதுலயும் விசையை இழுத்து ஏத்தறேன்."

"படுக்கறப்ப அணைக்கலாமில்ல, புள்ள?"

"ஏத்துன வெளக்கைக் கையால அணைப்பாங்களா? விடியறதுக்கு முன்னாடி வந்து பாப்பேனுங்க. தானா அணைஞ்சிருக்கும். மூணு வாட்டியும்." வயிற்றின்மேல் கையை வைத்தாள். "விசையை உள்ள தள்ளிட்டுப் போயிருவேன். இந்தச் சகுனத்தை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுங்க?"

விளக்கு கிழட்டுப் பேட்டரியைக் குடித்தது, பேட்டரி தீர்ந்ததும் விளக்கு அணைந்தது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. அன்று எரிந்துகொண்டிருந்த விளக்கின் விசையை என் கையாலேயே உள்ளே தள்ளி அணைத்தேன். அவள் முகத்தை அதன்பிறகு பார்க்கவில்லை.

மறுநாள் விடியும்போது வலி கண்டது. கார் உடனே கிளம்பியது. வேலந்தாவளம் தாண்டும்வரை அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு, "அசையவே மாட்டேங்குதுங்க," என்றாள்.

ஆஸ்பத்திரியில் என்ஜினை நிறுத்த எனக்குத் துணிவில்லை. ஓடவிட்டபடியே பிரசவ அறை ஜன்னலோரம் நின்றேன். லேடி டாக்டர் மரக்குழலை அவள் வயிற்றில் ஊன்றிக் காதைப் பொருத்தினார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். நர்ஸ் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"யாருங்க காரு? நிறுத்துங்க. உள்ள ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

நிறுத்தினேன். குழல் இடம் மாறியது, இன்னும் கீழே போனது. நெடுநேரம் கழித்து டாக்டர் ஒரு விரலைத் தூக்கினார். அந்த விரல், குழலில் கேட்ட துடிப்புக்கு ஏற்ப மேலும் கீழும் ஆடத் தொடங்கியது, வேகவேகமாக. என் மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.