தங்கைக்கு வலிக்காத வயிறு

முதல் நாள் காலையில் வலி எனக்கு இடுப்பில்தான் தொடங்கும். திருமங்கலம் பேருந்தில் ஏறி, நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அடிவயிற்றுக்கு இறங்கி, தொடைவரை இழுக்கும்.

இதை வாசிக்கும் நீங்களும் மாதாமாதம் சுருண்டு படுப்பவர் என்றால், வலியை விடுங்கள், என் வயிற்றெரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். அது என் தங்கை ஜெனிட்டாவின் மேல். பசுமலையில் கல்லூரி கபடி அணியில் ஆடுகிறாள். அந்த நாட்களிலும் மைதானத்துக்குப் போவாள், சிரித்துக்கொண்டே திரும்பி வருவாள். ஒரே தாய் பெற்றும் அவளுக்கு மட்டும் எப்படி? பொறாமையில் வெந்தேன்.

அம்மா கல்லுப்பை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, புறங்கையில் சூடு பார்த்துவிட்டு எனக்கு ஒத்தடம் வைப்பாள். வைக்கும்போதே, "சின்னவளப் பாரு, இரும்பு மாதிரி நிக்கிறா. நீதான் இம்புட்டுக்கும் சுருண்டுக்கிற" என்பாள். ஒத்தடம் இதமாக இருக்கும். அந்தப் பேச்சைத்தான் தாங்க முடியாது.

மருத்துவரிடம் போனேன். ஸ்கேனில் கட்டி ஏதும் இல்லை. "டிஸ்மெனோரியா (மாதவிடாய் வலி). கருப்பை இறுகிச் சுருங்குறதால வருது. வீட்டுல ஒத்தடம் வைங்க, கொஞ்சம் நடங்க. எழுதித் தர்ற மாத்திரைய வலி ஆரம்பிச்சதுமே, ஏதாச்சும் சாப்பிட்டுட்டுப் போடுங்க. துடிச்சு முடிச்சிட்டுப் போடாதீங்க" என்றார் அந்தம்மா.

"என் தங்கச்சிக்கு ஏன் டாக்டர் வலிக்கவே மாட்டேங்குது?"

"வலிக்கலன்னு அவங்க சொன்னாங்களா?"

எனக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்த முறை அரைநாள் விடுப்பு போட்டு வீடு திரும்பினேன். அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். உப்பு மூட்டையைத் தேடினால் காணோம். அடுப்பில் வாணலி சூடாக இருந்தது. உள்ளறையில் ஜெனிட்டா கபடி ஜெர்சியோடு, முழங்காலை நெஞ்சோடு இறுக்கிக் கிடந்தாள். வயிற்றில் என் மூட்டை.

"எத்தன நாளாடி இப்படி?"

"வயசுக்கு வந்ததுலருந்தேதான்க்கா."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நான் இரும்பு இல்லைல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அம்மா உன் பக்கத்துல உக்காந்து ஒத்தடம் வைக்கிறப்ப எனக்கு எம்புட்டுப் பொறாமையா இருக்கும் தெரியுமா?"

அடிப்பாவி! இத்தனை வருடம் இல்லாத ஒன்றுக்காகவா நான் வெந்துகொண்டிருந்தேன்?

அம்மாவிடம் நானே சொன்னேன். ஜெனிட்டாவையும் அதே மருத்துவரிடம் கூட்டிப்போனேன். இப்போது இருவரும் காலண்டரில் வட்டம் போடுகிறோம். எனக்கு மாதம் ஒன்றாம் தேதியில் தொடங்குவதில்லை, அந்த வட்டத்தில் தொடங்குகிறது. வலி முழுதாகப் போய்விடவில்லை. வேலைக்குப் போய்வரும் அளவுக்கு அடங்கியிருக்கிறது.

போன மாதம் இருவருக்கும் ஒரே நாளில் வந்தது. ஒற்றை மூட்டையோடு அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அவளுக்கு மொதல்ல வைம்மா" என்றேன்.

சொல்லிவிட்டு, அம்மாவின் கை அவள் வயிற்றில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சுவர்க்கடிகாரத்தையே பார்த்தபடி கிடந்தேன்.