‘எப்படித் தெரியும்?’ என்று கேட்ட டீச்சர்

காலை ஒன்பது இருபது. ஒன்பதாம் வகுப்பின் கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கம் போட்டாயிற்று, மூன்றாவதை இழுக்கும்போது மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. மகளின் எண். குரல் மட்டும் யாரோ ஓர் ஆணுடையது. “அம்மாவா பேசறது? பதட்டப்படாதீங்கம்மா. நாய் குறுக்க ஓடிச்சு, ஸ்கூட்டி சறுக்கிடுச்சு. பொண்ணு பேசிக்கினுதான் இருக்குது.” பதட்டப்படாதீங்க என்று முன்பின் தெரியாத ஒருவர் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று தாய்மார்களுக்குத் தெரியும். சாக்பீஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறியிருக்கிறேன். மருத்துவமனை வாசலில் இறங்கும்போதுதான் அது உள்ளங்கையில் மாவாகிக் கிடந்தது தெரிந்தது.

தலைக்கவசம் தலையைக் காப்பாற்றியிருந்தது. தொடை எலும்பு உடைந்திருந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்றார் டாக்டர். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும் அந்தப் பெண் டாக்டருக்கு. “ஓ நெகட்டிவ்ம்மா. எங்ககிட்ட இருந்த ஒரு பாட்டில ஏத்திட்டோம். இன்னொண்ணு கையில இல்லாம நான் தியேட்டருக்குள்ள கொண்டுபோக மாட்டேன். சென்னையில சொல்லியிருக்கோம், அது வர சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் தாங்காது. மத்தியானம் ஒரு மணிக்குள்ள யாரையாவது வரவைங்க.” என் கையை நீட்டினேன். என்னுடையது ஓ பாசிட்டிவ். எழுத்து ஒன்றுதான், குறிதான் வேறு. பத்து மாதம் சுமந்தவளின் ரத்தம் அவளுக்கு ஆகாது என்பதை டாக்டர் எவ்வளவு மென்மையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மென்மையாகச் சொன்னார். என் கணவருக்கு வேலை ஓசூரில். அவர் பஸ் ஏறியிருந்தார்.

எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். ஆசிரியர்கள் குழு, பழைய மாணவர்கள் குழு, எங்கள் தெருக் குழு, கோயில் உழவாரக் குழு என்று கைபேசியில் இருந்த எல்லாக் குழுக்களிலும் செய்தி போட்டேன். கைகூப்பும் படங்கள் வந்து குவிந்தன. ‘பகிர்ந்துவிட்டேன்’ என்றார்கள். ‘கிடைத்ததா?’ என்று விசாரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் என் செய்தியே யார் யார் வழியாகவோ சுற்றி எனக்கே திரும்பி வந்தது. நடுவில் ஒருவர், ‘மனிதநேயம் உள்ளவர்கள் மட்டும்’ என்று தம் பங்குக்கு ஒரு வரியைச் சேர்த்திருந்தார். ஆள் மட்டும் வரவில்லை. பதினொரு மணி ஆகும்போது இந்த ஊர்மேல் எனக்கு வந்த வெறுப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. திரும்பின பக்கமெல்லாம் கோபுரம், ஒரு பாட்டில் ரத்தத்துக்கு நாதியில்லை என்று பக்கத்து நாற்காலியில் இருந்த யாரோ ஓர் அம்மாவிடம் சொல்லி அழுதேன். அப்போதுதான் எக்னாமிக்ஸ் டீச்சர் கூப்பிட்டார்.

பள்ளியில் அவருக்கு அதுதான் பெயர். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பொருளியல் எடுத்தார். ஓய்வு பெற்று இப்போது கோவையில் மகன் வீட்டில் இருக்கிறார். நானும் அவரும் ஆசிரியர் அறையில் பல வருடம் ஒரே மேசையைப் பகிர்ந்துகொண்டவர்கள். நான் கணக்கு. ஆனால் ஊரைக் கணக்காகப் பார்க்கும் பழக்கம் அவருக்குத்தான் இருந்தது. யாராவது ‘இந்தக் காலத்துப் பிள்ளைங்களே இப்படித்தான்’ என்றோ, ‘நம்ம ஜனங்க திருந்தாது’ என்றோ சொல்லிவிட்டால் போதும், வாயில் இருக்கும் இட்லியை விழுங்கிவிட்டு, “எப்படித் தெரியும்?” என்பார். சண்டைக்குக் கேட்பதில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். பி.டி. சாருக்கு அவரைச் சீண்டாமல் பொழுது போகாது. “டீச்சர், பெருமாள் கோயில் தங்கப் பல்லியத் தொட்டவங்கள்ல எத்தன பேருக்கு தோஷம் போச்சுன்னு ஒரு கணக்கு எடுங்களேன்” என்றார் ஒருமுறை. அறையே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. “எடுக்கலாம் சார். ஆனா தொடாதவங்கள்ல எத்தன பேருக்குத் தானா போச்சுன்னும் சேத்துக் கேக்கணும். இல்லன்னா பல்லிக்குத்தான் பேரு போய்ச் சேரும்” என்றார். சிரிப்பு அடங்கிய பிறகும் அந்தப் பதில் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கற்றுக்கொடுத்த நிகழ்தகவுப் பாடங்கள் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தன.

காமாட்சி அம்மன் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா வெளியூர்க்காரர்களுக்கு முழத்தைக் குறைத்துவிடுகிறார் என்று ஒரு பேச்சு வந்தது. டீச்சருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு வெள்ளிக்கிழமை எங்களில் சிலரைத் தனித்தனியாக அனுப்பி ஆளுக்கு ஒரு முழம் வாங்கிவரச் சொன்னார். பட்டுப் புடவை, நூல் புடவை, தெரிந்த முகம், தெரியாத முகம், உள்ளே போகிறவர், தரிசனம் முடித்து வருகிறவர் என்று விதவிதமாக. ஆசிரியர் அறை மேசையில் மல்லிகைச் சரங்களை நீட்டிப் போட்டு என் கரும்பலகை அளவுகோலால் அளந்தோம். வெளியூர் உள்ளூர் வித்தியாசமே இல்லை. உள்ளே போகிறவர்களுக்குக் கொஞ்சம் குட்டை, வெளியே வருகிறவர்களுக்குக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். உள்ளே போகிறவர்களுக்குத் தீபாராதனை தவறிவிடுமே என்று அவசரம், யாரும் முழத்தைப் பார்ப்பதில்லை. வெளியே வருகிறவர்கள் நின்று பார்த்து, பேசி வாங்குகிறார்கள். தான் நினைத்தது தப்பு என்று தெரிந்தபோது டீச்சர் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளைகள் முகத்தில்கூட அதை நான் பார்த்ததில்லை. “நல்லவேளை, கேட்டுப் பாத்தோம். இல்லன்னா அந்தம்மாவ நாமளே திருடி ஆக்கியிருப்போம்” என்று சொல்லிக்கொண்டே அந்தப் பூவையெல்லாம் எங்கள் தலையில் வைத்துவிட்டார்.

ஆனால் நான் மலைத்துப்போனது ரத்ததான முகாமில். எங்கள் பள்ளி நாட்டு நலப்பணித் திட்டமும் பிள்ளையார்பாளையத்துத் தெருச் சங்கங்களும் சேர்ந்து நடத்திய முகாம் அது. அமாவாசை அன்று யாரும் தறியில் உட்காருவதில்லை, நெசவாளர்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று அமாவாசைக் காலையாகப் பார்த்து வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் கட்டில்கள் காலியாகக் கிடக்கும். காரணம் கண்டுபிடிக்க மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தறி மிதிக்கிற காலில் தெம்பு போய்விடும் என்று பயம் என்றார் ஒருவர். அமாவாசையில் ரத்தம் சிந்தக் கூடாது என்ற நம்பிக்கை என்றார் இன்னொருவர். சுயநலம் என்றார் சங்கத் தலைவர். ஆளுக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் கொடுத்தால் கூட்டம் வரும் என்று முடிவானது. டீச்சர், “எல்லாத் தெருவுக்கும் குடுக்க வேணாம், பாதித் தெருவுக்குக் குடுங்க, பாப்போம்” என்றார். டம்ளர் கொடுத்த தெருவிலும் கட்டில்கள் காலிதான்.

அன்று அவர் முகாமுக்குள் உட்காரவில்லை. வாசலில், செருப்பு விடுகிற இடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். துணைக்கு நானும். ரத்தம் கொடுத்தவர்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். கொடுக்காமல் திரும்பிப் போகிறவர்களை யாரும் பார்த்ததில்லை. அவர்களைத்தான் நிறுத்திக் கேட்டார். வந்த பதில் எல்லாம் ஒன்றுதான், ‘இன்னும் சாப்பிடல.’ உள்ளே நர்ஸ் முதலில் கேட்கும் கேள்வி, ‘சாப்பிட்டீங்களா?’ அமாவாசை அன்று அப்பா இல்லாத ஆண்கள் குளத்தில் தர்ப்பணம் கொடுத்து, வீட்டில் படையல் போட்டு, காகத்துக்கு வைத்த பிறகுதான் சாப்பிடுவார்கள். அதற்கு உச்சிப் பொழுது ஆகிவிடும். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க மாட்டார்கள். ஆக, வந்தவர்களை நாங்களே திருப்பி அனுப்பிவிட்டு, வர மனமில்லாதவர்கள் என்று வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். அடுத்த அமாவாசைக்குச் சில தெருக்களில் மட்டும் முகாமை மதியம் இரண்டு மணிக்கு மாற்றினார். நெற்றியில் திருநீறும், சாப்பிட்டுக் கழுவிய ஈரக் கையுமாக ஆண்கள் வரிசையில் வந்து நின்றதை நான் பார்த்தேன். படுக்க இடமில்லாமல் சங்கத் தலைவரே வீட்டிலிருந்து பெஞ்சு தூக்கிவந்தார். எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. டீச்சரோ, “ஒரு மாசம் நல்லா வந்திருக்கலாம். அடுத்த மாசம் தெருவ மாத்திப் போட்டுப் பாக்கணும்” என்றார். மாற்றிப் போட்டுப் பார்த்தார். அப்போதும் இரண்டு மணித் தெருக்கள்தான் நிறைந்தன. ஒரு ஊரின் குணம் என்று நாங்கள் நம்பியிருந்த ஒன்று, வெறும் நேரக் கோளாறாக என் கண்முன்னால் கரைந்துபோனது.

இதையெல்லாம் உடனிருந்து பார்த்தவள்தான் நான். என் பிள்ளை என்றதும் அத்தனையும் மறந்துவிட்டது. போனில் டீச்சர் ஆறுதல் சொல்லவில்லை. “யாரும் வரலையா, யாரையும் கேக்கலையாம்மா?” என்றார். எல்லாக் குழுவிலும் போட்டேன் என்றேன். “குரூப்ப கேட்டா குரூப்புதான் பதில் சொல்லும். ஆளக் கேளுங்க. நம்ம கேம்ப்ல ஒருத்தர் வருவாரே, தெருவே அவர ‘நெகட்டிவ்’னு கூப்புடுமே, அவரு பொண்ணு உங்க கிளாஸ்தானே?” என் கைபேசியிலேயே அவர் எண் இருந்தது. “இன்னிக்கு அமாவாசை, ஞாபகம் வெச்சுக்கோங்க” என்று சொல்லி வைத்தார்.

அவர் மனைவிதான் எடுத்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், “அய்யோ, நம்ம பாப்பாவுக்கா? தோ, இப்பதான் குளத்துலருந்து வந்தாரு” என்று போனைக் கொடுத்தார். “வரேன் டீச்சர்” என்றார் அவர், எந்த இழுப்பும் இல்லாமல். “ஆனா இன்னும் பச்சத் தண்ணி பல்லுல படல. அப்பா போய் இது மொத வருசம். படையல் போட்டுட்டு ஒரு வாய் சாப்ட்டு வந்துடறேன். சும்மா வந்தா தொரத்திடுவாங்களே.” அப்பாவின் முதல் வருடம். அதை விட்டுவிட்டு வாருங்கள் என்று எப்படிக் கேட்பேன்? கேட்காமல்தான் எப்படி இருப்பேன்? சீக்கிரம் என்று மட்டும் சொன்னேன். மறுபக்கம் அவர் மனைவி பக்கத்து வீட்டைக் கூப்பிடுவது கேட்டது. “யக்கா, உன் வீட்டு சாம்பார் இறக்கிட்டியா? குடுக்கா, என்னுது கொதிக்கவே இல்ல!” “வடை இருக்குது, எடுத்துக்கோ!” “வாழக்காய் எங்க வீட்லருந்து வருது!” எந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. ரத்தம் பொருந்தாதவர்கள் அந்தத் தெருவில் குழம்பைக் கொடுத்தார்கள்.

அந்த இடைவெளியில் எக்னாமிக்ஸ் டீச்சரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். “நல்லது. மத்த வீட்டுக்கு முன்னாடி எல போட்டா காக்கா ஒடனே வந்துடும். பன்னெண்டு மணிக்கு ஊரே வெக்கும், அப்ப அதுங்களுக்கு கிராக்கி ஜாஸ்தி” என்றார். அத்தனை பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த ஒன்றில் டீச்சர் கணிப்பு தவறிவிட்டது. நான் மறுபடி கூப்பிட்டபோது அவர் மனைவி மொட்டை மாடியில் நின்று மூச்சு வாங்கினார். “கத்திக்கினே இருக்கோம் டீச்சர், ஒண்ணு கூட வரல. அதுங்களுக்கு உச்சிப் பொழுதே பழகிப் போச்சு போல!” பின்னால் ஒரு தெருவே கா, கா என்று கூவிக்கொண்டிருந்தது. நேரம் பன்னிரண்டை நெருங்கியது. இணைப்பு அறுந்துபோனது. திரும்ப அடித்தேன், யாரும் எடுக்கவில்லை.

அதன் பிறகு அந்த நடைக்கூடத்தில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மருத்துவமனைச் சுற்றுச்சுவர்மேல் இரண்டு காகங்கள் உட்கார்ந்திருந்தன. இங்கே என்ன செய்கிறீர்கள், அங்கே போங்கள் என்று அவற்றைப் பார்த்துக் கைகூப்பினேன். நான் படித்தவள், கணக்கு சொல்லித் தருகிறவள். கூப்பிய கையைப் பிரிக்க முடியவில்லை. டாக்டர் இருமுறை வெளியே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பன்னிரண்டு தாண்டிச் சிறிது நேரத்தில் வாசலில் ஒரு பழைய டி.வி.எஸ். வந்து நின்றது. தலை இன்னும் காயவில்லை, நெற்றி நிறையத் திருநீறு, வேட்டியில் மஞ்சளாகச் சாம்பார் கறை. நான் ஓடிப்போய் முதலில் கேட்டது, “காக்கா வந்துதா?” என்றுதான்.

அவர் தலையை ஆட்டினார். “வரல டீச்சர். காக்காவா வரப்போறவரு எங்கப்பாதான? புள்ள எதுக்கு அவசரமா உக்கார்றான்னு அவருக்குத் தெரியாதா? நீங்க அப்புறமா வாங்கப்பான்னு சொல்லிட்டு, நான் முன்னாடி சாப்ட்டேன்.” சட்டைக் கையை மடக்கிக்கொண்டே உள்ளே நடந்தார். “ரெண்டு வாட்டி வாங்கிச் சாப்ட்டேன், வயிறு ஃபுல்லு. எங்க படுக்கணும்னு சொல்லுங்க.”