ஏழுமலைக்கு நான் சொன்ன பதில்

அவசரநிலைக் காலம் அது. நான் அடையாறில் ஒரு பள்ளியில் ஆசிரியை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆளுக்கு ஒருவரை அழைத்து வரவேண்டும், இல்லாவிட்டால் வெளியூருக்கு மாற்றல் என்று சொல்லிவிட்டார்கள். மயிலாப்பூரிலிருந்து தினமும் என்னை ரிக்‌ஷாவில் கூட்டிவரும் ஏழுமலையிடம் பேசினேன். அவருக்கு ஒரு பையன், ஒரு பெண்.

"அப்பால வோணும்னா சரி பண்ணிக்கலாமா, டீச்சரம்மா?" என்று கேட்டார்.

"பண்ணிக்கலாம்" என்றேன். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. மறுநாள் முகாமில் அவர் கைநாட்டு வைத்தபோது பக்கத்திலேயே நின்றேன்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் பையன் வாந்திபேதியில் இறந்துபோனான். சில நாள் கழித்துப் பள்ளி வாசலில் வந்து நின்றார். முகத்தில் கோபமே இல்லை.

"வூட்ல அது அழுதுகினே கீது டீச்சரம்மா. இன்னொரு புள்ள வோணுமாம். நீங்க சொன்னீங்களே, அத்த சரி பண்ற ஆஸ்பத்திரி எங்க கீது?"

எனக்கு அழுகை வரவில்லை. "பெரியாஸ்பத்திரியில் கேட்டுப் பாரு, சொல்வாங்க" என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டு அப்போதே கிளம்பினார். அன்றும் என்னை நம்பித்தான் போனார். தெரியாது என்ற ஒரு வார்த்தை அன்றும் என் வாயில் வரவில்லை.