வாசல்வரைக்கும்தான் பறை

செங்கல்பட்டில் பழைய சங்கீத மண்டபத்தைப் புதுப்பித்து இன்று திறந்தார்கள். வரவேற்புக்கு எங்கள் பறைக் குழுவை அழைத்திருந்தார்கள்.

வாசலில் பறை அடித்து விருந்தினர்களை வரவேற்றோம். மேடையிலும் அடிக்கச் சொல்வார்கள் என்று நம்பி, தோல் இறுகப் பறையை மறுபடி நெருப்பில் காய்ச்சிக்கொண்டு உள்ளே நுழையப் போனோம்.

மண்டபத்தின் செயலாளர் வாசலிலேயே கையை நீட்டித் தடுத்தார். "அண்ணாத்த, நீங்க இங்கயே நில்லுங்க. உள்ள அடிச்சா ஒரே எக்கோவா இருக்கும்."

கொஞ்ச நேரத்தில் அவர் பேச்சு ஸ்பீக்கரில் வெளியே கேட்டது. "எந்த வாத்தியம் வாசிச்சாலும் எதிரொலிக்காத மாதிரி அந்தக் காலத்துலயே இந்தத் தேக்குக் கூரையைக் கட்டியிருக்காங்க!"

பக்கத்தில் நின்ற என் மச்சான் கேட்டான். "அப்போ நம்மள்து இன்னாடா, வாத்தியம் இல்லியா?"

காய்ச்சிய பறையை அப்படியே பையில் போட்டேன்.

கூரை ரொம்ப அழகாம். உள்ளே போனவர்கள் யாராவது கமெண்ட்டில் ஒரு படம் போடுங்கள், நாங்களும் பார்த்துக்கொள்கிறோம்.